முன்னால் ஒரு சைக்கிள்

வண்டியைக் கிளப்பும்போது கை நடுங்கும் என்று சென்னியப்பன் எதிர்பார்த்தார். நடுங்கவில்லை. வடக்கு பஸ் நிலையத்தில் காலை எட்டு ஐந்துக்குக் கண்டக்டர் நாச்சிமுத்து இரண்டு விசில் கொடுத்ததும் இடது கால் தானாகப் போய்க் கிளட்சை அமுக்கியது, இடது கை தானாகக் கியரைத் தள்ளியது, நெடுநாள் வேலைக்காரர்கள் எஜமானைக் கேட்காமலே காரியத்தைப் பார்ப்பதுபோல. பதினாலு பி. ஏழு மாசத்துக்கு முன்னால் வரைக்கும் அவருடைய ரூட். ஏழு மாசத்துக்கு முன்னால் இதே ரூட்டில், இதே சிங்கிளில், இதே காலை நடையில், அவர் ஓட்டிய பஸ்ஸின் பின்சக்கரத்தில் சைக்கிளில் போன ஒருவர் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் மூன்று மாசம் சஸ்பென்ஷன், மூன்று மாசம் டெப்போவில் டயர் செக்ஷனில் காற்றுப் பார்க்கிற வேலை, போன மாசத்திலிருந்து ஆட்டு மந்தைகள்தான் அதிகம் குறுக்கே வருகிற ஒரு கிராமத்து ரூட். இன்று விடிகாலை டெப்போ கிளார்க், மேஜையிலிருந்து நிமிராமல், "அண்ணா, பதினாலு பி-க்கு ஆள் இல்லீங்க. ரெகுலர் டிரைவரோட பொண்ணுக்குக் காய்ச்சலாம். இன்னிக்கு ஒரு நாளைக்கு ஓட்டிக்கிறீங்களா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், பேனா பாதியில் நின்றது. சென்னியப்பன் தலையாட்டினார். ஏழு மாசமாக எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடறீங்களா, ஆட்டினார். டாக்டரைப் பார்க்கலாமா, ஆட்டினார். கோயிலுக்குப் போய்ட்டு வரலாமா, அதற்கும் ஆட்டினார், போனார், திருநீறு வாங்கிப் பூசினார், படியில் உட்கார்ந்து எல்லோரையும்போல எழுந்து வந்தார். ஆட்டாமல் இருப்பதற்கு உள்ளே ஏதாவது ஒன்று வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற அந்த ஒன்று எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. கல்லில் கால்விரலை இடித்துக்கொண்டவன், இதோ வலி வரப்போகிறது, வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பானே ஒரு நொடி, அந்த நொடியிலேயே ஏழு மாசமாக நின்றுகொண்டிருந்தார். வலி இன்னும் வந்து சேரவில்லை.

பாலிடெக்னிக் ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது. கண்ணாடியில் பார்த்தார். இடது கண்ணாடி. அன்றைக்கும் பார்த்தார். பார்த்தேன் என்று சொன்னதை யாரும் நம்பாமல் இல்லை, எல்லோருமே நம்பினார்கள், அதுதான் சங்கடம். போலீஸ் நம்பியது. வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்த இடத்துப் பேக்கரிக்காரனுடைய கேமராவில் எல்லாம் பதிந்திருந்தது: பஸ் நேராக வருகிறது, இடதுபுறம் சைக்கிள், சைக்கிளுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தின சரக்கு ஆட்டோ, அதை ஒட்டி மூடி இல்லாத சாக்கடைக் குழி, சைக்கிள்காரர் இரண்டுக்கும் விலகி வலதுபக்கம் ஒரு முழம் வருகிறார், ஹேண்டில்பார் பஸ்ஸின் தகரத்தில் உரசுகிறது, பிறகு சைக்கிள் இல்லை. யூனியன் ஆபீஸில் அதைச் செல்போனில் ஓட்டிக் காட்டினார்கள். "பாருங்க, அவனா வந்து உழுகறான். உங்க மேல என்ன தப்பு?" யூனியன்காரர் விளக்கக் கடிதத்தை எழுதி நீட்டினார், அவர் கையெழுத்துப் போட்டார். மேற்படி விபத்து நேர்ந்தது. மேற்படி நபர் இறந்துவிட்டார். மேற்படி நிகழ்வில் எனது கவனக்குறைவு ஏதும் இல்லை. நேர்ந்தது, நிகழ்ந்தது, ஆகிவிட்டது, போய்விட்டார். எத்தனை காகிதம், எத்தனை பேர் எழுதினார்கள், எல்லாவற்றிலும் சாவு மழை பெய்கிற மாதிரி தானே பெய்தது. வெள்ளிங்கிரி, வயது ஐம்பத்தெட்டு, லேத் பட்டறைத் தொழிலாளி. அவருக்கு அந்தப் பெயர் தெரியும், வயது தெரியும், இரண்டு மகள்கள் என்று தெரியும். முகம் தெரியாது. அவர் இறங்கிப் பார்ப்பதற்குள் யாரோ ஒரு வேட்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். ஆனால் அவர் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. பின்சக்கரம் ஏறி இறங்கியபோது, கத்தல் கேட்பதற்கு முன்னால், அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் அவர் மனசில் ஒரு நினைப்பு ஓடியது: அட, இங்கே எப்போ வேகத்தடை போட்டார்கள்? அவ்வளவுதான். கோபம்கூட இல்லை, ஓட்டுகிறவனுக்கு வருகிற சாதாரண எரிச்சல். ஒரு மனுஷன் மேலே ஏறி இறங்கியதற்கு அவருக்குள் எழுந்த முதல் வார்த்தை அது. போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், மனைவி சுலோச்சனா கேட்காமல் கேட்டாள், யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும், அது இயல்புதானே என்பார்கள், அதையும் மன்னித்துவிடுவார்கள். கடைவாயில் சிக்கிய நார்போல அது அங்கேயே கிடந்தது. நாக்கு போய்ப் போய்த் தொட்டது. அட, இங்கே எப்போ வேகத்தடை போட்டார்கள்.

நால்ரோடு தாண்டியதும் ரோடு குறுகும். மேம்பாலத்துக்குத் தூண் எழுப்புகிறோம் என்று நடுவில் தகரத் தடுப்பு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ரோட்டை அகலம் பண்ணுகிறோம் என்று நடைபாதையை வெட்டி எடுத்தார்கள். அகலமான ரோட்டின் நடுப்பாகத்தைத் தகரம் எடுத்துக்கொண்டது, ஓரத்தை நிறுத்தின வண்டிகளும் டிரான்ஸ்பார்மரும் மணல் குவியலும் எடுத்துக்கொண்டன, மிச்சம் ஒரு பஸ் போகிற அளவு. பஸ் போகிற அளவில் பஸ்ஸும் போக வேண்டும், சைக்கிளும் போக வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு போக வேண்டும், காய்கறிக் கூடைக்காரி போக வேண்டும். இன்னும் மூன்று ஸ்டாப். பேக்கரி வருவதற்கு முன்னால் மனசைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். எப்படித் தயார் பண்ணுவது என்று தெரியவில்லை. சுலோச்சனா காலையில் தோசையை வைத்தபோது, "எந்த ரூட்டுங்க இன்னிக்கு?" என்று கேட்டாள், அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா? தோசைக்கு என்ன தொட்டுக்கொண்டார்? சட்னிதான். என்ன சட்னி? ஞாபகம் வரவில்லை. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, ஞாபகம் வரவில்லை. இரண்டாவது கியர். ஒரு ஸ்கூட்டர் இடதுபக்கம் நுழைந்து போனது. பேக்கரி. கண்ணாடி அலமாரியில் மஞ்சள் கேக்குகள். அதே சரக்கு ஆட்டோவா, வேறா, ஏதோ ஒன்று அதே இடத்தில் நின்றது. குழிக்கு மேலே இப்போது ஒரு கல் பலகை போட்டிருந்தார்கள். கைகள் அமைதியாக இருந்தன. பரவாயில்லையே என்று நினைத்தார், தாண்டிவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தார், அப்போது முன்சக்கரம் தூக்கியது. தூக்கி இறங்கியது. பஸ்ஸுக்குள் தலைகள் ஒருசேர எழும்பின. பிறகு பின்சக்கரம், இடது பின்சக்கரம், ஏறியது, மெத்தென்று இறங்கியது.

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாரோ திட்டினார்கள். இடது கண்ணாடியில் பார்த்தார். பஸ்ஸின் தகரம், தார், ஒரு நாய், கருப்பாக ரோட்டுக்குக் குறுக்கே ஒரு முதுகு. வெள்ளைக் கோடு இல்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாச்சிமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான், முப்பது வயதுப் பையன், அவருடைய இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக் குனிந்தான். "அண்ணா, வேகத்தடை புதுசுங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணாமப் போச்சு. அதுக்கப்பறம் போட்டாங்க. சனமெல்லாம் ரோட்டுல உக்காந்து மறியல் பண்ணிப் போட்டது. மொதல்லயே சொல்லியிருக்கோணும்." அவர் தலையாட்டினார். அதே இடம். ஒரு அடி முன்னே பின்னே இருக்கலாம். மனுஷன் விழுந்த இடத்தில் தாரைக் கொட்டி அந்த அளவுக்கே ஒரு மேடு பண்ணியிருக்கிறார்கள், இனி ஒவ்வொரு வண்டியும் ஏறி இறங்க வேண்டும், லாரியும் காரும் கல்யாண வேனும், எல்லோரும் ஏறி இறங்கி எரிச்சல்பட்டுப் போவார்கள், அதற்குப் பேர் பாதுகாப்பு. பாதுகாப்புதான். இல்லையென்று சொல்ல முடியாது. இது அன்றைக்கே இருந்திருந்தால் அவர் இரண்டாவது கியரில் வந்திருப்பார். மின்கம்பத்தில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது, கண்ணீர் அஞ்சலி, வெயிலில் வெளுத்து முகம் மொத்தமும் கரைந்துபோய் ஒரு மீசையும் சட்டைக் காலரும் மட்டும் மிச்சம் இருந்தன. முகத்தைத் தேடி அந்த வெள்ளையில் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் ஹாரன்கள். நாச்சிமுத்து, "போலாமுங்களா?" என்றான். போனார்கள்.

அந்தப் பெண் எந்தச் சந்திலிருந்து வந்து ரோட்டில் ஏறினாள் என்று அவர் கவனிக்கவில்லை. பார்த்தபோது முன்னால் இருந்தாள், பத்தடி தூரத்தில், லேடீஸ் சைக்கிளில். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, மோட்டார் கம்பெனிகளில் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை பார்க்கிற பெண்கள் போடுவது. ஹேண்டில்பாரில் ஒரு டிபன் பை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெடித்த குதிகால் மேலே வந்தது, கீழே போனது, மேலே வந்தது. வலதுபக்கம் தகரத் தடுப்பு, இடதுபக்கம் வரிசையாக நிறுத்தின கார்கள். முந்த வேண்டும். முந்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, இருபத்து நாலு வருஷத்தில் எத்தனை ஆயிரம் சைக்கிளை முந்தியிருக்கிறார்: சின்னதாக ஒரு ஹாரன், வலதுபக்கம் ஒரு ஒடிப்பு, தகரத்தை உரசாமல் முன்பக்கத்தைத் தாண்டவிட்டு மறுபடி இடது, பின்பக்கம் தானாக வந்துவிடும். பின்பக்கம் தானாக வரும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தார்கள். இல்லை, பின்பக்கம் தானாக வருவதில்லை, அது உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது, முன்பக்கம் போன வழியில் பின்பக்கம் போவதே இல்லை. இது அவருக்குத் தெரியும், இருபத்து நாலு வருஷமும் தெரியும், தெரிந்துகொண்டேதான் முந்தினார். அந்த ஆயிரக்கணக்கான பேரும் எப்படித் தப்பித்தார்கள்? அவர் சாமர்த்தியத்தால் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை இறுக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டதால். வெள்ளிங்கிரிக்கு ஒட்டிக்கொள்ளச் சுவர் கிடைக்கவில்லை. கை ஹாரனுக்குப் போனது. ஹாரன் அடித்தால் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் ஹேண்டில் ஆடும். கை திரும்பி வந்தது. கியரைக் குறைத்தார், முதல் கியருக்கு வந்தார், இன்ஜின் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். வேகமாக மிதித்தாள். பத்தடி பன்னிரண்டு அடி ஆனது, பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டும், மறுபடி பத்தடி. எப்போது முந்துவது? இந்தக் கார் வரிசை முடிந்ததும். கார் வரிசை முடிந்தது, மணல் குவியல் வந்தது. மணல் முடிந்ததும். மணல் முடிந்தது, மூன்றடி இடம் கிடைத்தது, கால் ஆக்சிலேட்டரை அமுக்கவில்லை. அமுக்கு என்றார் காலிடம். கால் கேட்கவில்லை. காலையிலிருந்து தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த கால் இப்போது தன்பாட்டுக்கு நின்றுவிட்டது.

"டிரைவர், தூக்கமா?" என்று ஒரு குரல் கேட்டது. "சைக்கிளுக்குப் போயி ஊர்வலம் வுடறாரு பாரு." சிரிப்பு. ஒரு பெண், "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு வெறும் வயித்தோட வந்திருக்கறமுங்க, ஒம்பதுக்கு மேல ரத்தம் எடுக்க மாட்டாங்க, சித்தெ சீக்கிரம் போங்க" என்றாள். கல்லூரிப் பெண் ஒருத்தி யாரிடமோ போனில், பரீட்சைக்கு உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், குரல் அழுகிற எல்லையில் இருந்தது. எல்லோரும் சொல்வது நியாயம். அறுபது பேர். அறுபது பேருக்கு எதிரே ஒருத்தி, காலை நேரக் கணக்கில் அறுபதுதான் பெரிசு. பின்னால் ஹாரன்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. பொறுமை இழந்த பைக்குகள் பஸ்ஸின் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வந்து அவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த பத்தடியில் விழுந்தன, அவளை உரசிக்கொண்டு போயின, ஒருவன் போகிறபோக்கில் அவளைப் பார்த்து ஏதோ கத்தினான். அவள் சைக்கிள் ஆடியது. அவர் பின்னால் இருப்பதால்தான் இவர்கள் அவள்மேல் விழுகிறார்கள் என்று புரிந்தது. முந்தினால் சக்கரம், முந்தாவிட்டால் இது. அவள் இன்னொரு தரம் திரும்பினாள், இந்தத் தடவை முகம் முழுசாகத் தெரிந்தது, அது நன்றியுள்ள முகமாக இல்லை. அடிக்க ஓங்கின கையைப் பார்க்கிற முகம். அவருக்கு வியப்பாக இருந்தது. நான் ஒன்றும் பண்ணவில்லையே தாயே, பண்ணாமல் இருக்கத்தானே வருகிறேன். அவள் காலை ஊன்றினாள். சைக்கிள் ரோட்டின் நடுவே நின்றது. பஸ் நின்றது. அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து, முன்வாசல் படிக்குக் கீழே நின்று, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"ஏனுங்க, உங்களுக்கு என்னதான் வேணும்? முந்தறதுன்னா முந்தித் தொலைங்க. பொறகாலயே உறுமிக்கிட்டு வந்து வந்து எதுக்கு உசுர வாங்கறீங்க?"

சென்னியப்பன் இன்ஜினை அணைத்தார். திடீரென்று எல்லாம் கேட்டது, பஸ்ஸுக்குள் யாரோ இருமுவது, அவளுடைய மூச்சு. நாச்சிமுத்து, "அக்கா, நீங்க ஓரமாப் போனா அவர் போயிருவாருங்க" என்று ஆரம்பித்தான்.

"ஓரமா? எங்க இருக்குது ஓரம், காட்டு தம்பி. அந்தக் காருக்கு மேல ஏறிப் போகட்டுமா? எட்டே முக்காலுக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திருவாங்க. தெனமும் ரெண்டு நேரம் இதுல போறவ நான். பஸ்ஸுக்காரங்க ஹாரன் அடிப்பாங்க, நான் ஒதுங்குவேன், போயிருவாங்க. இவரு ஹாரனும் அடிக்கல, போகவும் இல்ல. ஏத்தறதுக்கு எடம் பாக்கறாரோன்னு நெனச்சுட்டேன்."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும். அவர் வாய் திறந்தார், உள்ளே காகித வார்த்தைகள் வரிசையாக நின்றன, மேற்படி, நேர்ந்தது, ஆகிவிட்டது. அவற்றை விலக்கிக்கொண்டு வேறொன்று வந்தது. "ஒருத்தரைக் கொன்னுட்டேனுங்க" என்றார். சத்தமாக இல்லை, ஆனால் வண்டி அணைந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இதே ரோட்டுல. ஏழு மாசம் ஆச்சு. முந்தறப்ப பின்சக்கரத்துல. இன்னிக்குத்தான் இந்த ரூட்டுக்குத் திரும்ப வந்தேன். கால் அமுக்க மாட்டேங்குது."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். கொன்னுட்டேன். அந்தச் சொல் வெளியே வந்து பஸ்ஸுக்குள் நின்றது, யாரும் அதைத் தொடவில்லை. எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததுண்டு, சொன்னால் இடி விழும், நெஞ்சு அடைக்கும் என்று. ஒன்றும் ஆகவில்லை. அவள் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அந்த லேத் பட்டறைக்காரரா?" என்றாள்.

"ஆமாங்க."

"எங்களுக்குத் தெரிஞ்சவருதான். தெனமும் எனக்கு முன்னால போவாரு. அந்த மறியல்ல நானும் உக்காந்தேன்." பின்னால் ஹாரன்கள் விடாமல் அடித்தன. "உங்க மேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருந்துச்சு. டிரைவர் யாருன்னு தெரியாததால யாரு மேலன்னு இல்லாம எல்லா பஸ்ஸு மேலயும் இருந்துச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அதை வெச்சு என்ன பண்றது. நீங்க முன்னால போங்க, இல்ல பொறகால வாங்க. எதைச் செஞ்சாலும் எனக்குத் தெரியிற மாதிரி செய்ங்க. என்ன பண்ணப்போறாரோன்னு தெரியாம மிதிக்கறதுதான் பெரிய பயமுங்க."

அவர் யோசித்தார். ஏழு மாசத்தில் முதல் தடவையாக, தலையாட்டுவதற்கு முன்னால் யோசித்தார். "முந்த மாட்டேனுங்க" என்றார். "நீங்க போங்க. உங்க கம்பெனி கேட் வரைக்கும் பொறகாலயே வர்றேன். பக்கத்துல வர மாட்டேன். ஓரமா ஒதுங்காதீங்க, நடுவுலயே போங்க, அப்பத்தான் பைக்குக்காரங்க நுழைய மாட்டாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

"இத்தனை சனம் இருக்குதே?"

அவர் உள்கண்ணாடியில் பஸ்ஸுக்குள் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லூரிப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, யாரையும் பார்க்காமல், கார்களுக்கு நடுவே ஓடினாள். அவளுக்குப் பின்னால் டை கட்டின ஒருவரும் திட்டிக்கொண்டே இறங்கினார். அவர்களுக்கு என்ன ஆகும்? அந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு உள்ளே விடுவார்களா? தெரியாது. அதுவும் இனி அவர் கணக்கில்தான். சைக்கிள்காரப் பெண் போய் ஸ்டாண்டை எடுத்தாள். ஒருதரம் திரும்பிப் பார்த்து, ஏறி, ரோட்டின் நட்டநடுவே மிதிக்கத் தொடங்கினாள்.

அவர் வண்டியைக் கிளப்பினார். இருபதடி விட்டார். குதிகால் மேலே வந்தது, கீழே போனது. முன்போல அவசரமாக மிதிக்கவில்லை, சந்தைக்குப் போகிறவள்போல நிதானமாகப் போனாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. காக்கிச் சட்டையின் முதுகில் வேர்வை ஒரு தீவுபோலப் படிந்திருந்தது, தையல் பிரிந்த இடத்தில் வேறு நிற நூலால் தைத்திருந்தாள், வலதுபக்கப் பெடலில் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தது. இவ்வளவையும் எப்போது பார்த்தார்? முந்துகிறவனுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. முந்துகிறவனுக்குச் சைக்கிள் என்பது இடதுபக்கத்தில் ஒரு அகலம், அவ்வளவுதான், ஒன்றரை அடி அகலம், விடலாமா விடக்கூடாதா. அந்த மனுஷனுடைய முதுகையும் ஒரு கணம் பார்த்திருக்க வேண்டும், முந்துவதற்கு முன்னால் நிச்சயம் அவர் முன்னால்தான் இருந்திருப்பார், என்ன சட்டை? நினைத்துப் பார்த்தார். நீலமா? கேமராவில் நிறம் இல்லை. பார்த்த கண்ணில் ஒன்றும் தங்கவில்லை. பின்னால் யாரோ ரோட்டோரமாக ஓடி வந்து பஸ்ஸின் தகரத்தில் தட்டினார்கள். பைக்குக்காரன் ஒருவன் ஜன்னலோரம் வந்து அவருடைய அம்மாவைச் சொல்லித் திட்டினான்; அவர் அவனையும் பார்த்தார், மீசை அரும்பின சின்ன முகம், ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்தான். "தலையில போடு கண்ணு" என்றார். அவன் இன்னும் அசிங்கமாகத் திட்டினான். நாச்சிமுத்து பின்படியில் நின்றுகொண்டு கையை அகல நீட்டி, நுழையப் பார்த்த வண்டிகளை, "இருங்க, இருங்க, முன்னால ஆள் போகுது" என்று மறித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை அதைச் செய்யச் சொல்லவில்லை. உள்ளே முணுமுணுப்பு இருந்தது, ஆனால் அவர் காதுக்கு வரும்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. மரியாதையா, பயமா, சபித்துக்கொண்டிருந்தார்களா, கண்ணாடியில் தெரியவில்லை. கம்பெனி கேட் வந்தபோது மணி எட்டு நாற்பத்திரண்டு. அவள் இடது கையை நன்றாக நீட்டினாள், திரும்பப்போகிறேன் என்று, சாலை விதிப் புத்தகத்தில் போட்டிருப்பதுபோல. நீட்டின கையை எடுக்காமலே திரும்பி உள்ளே போனாள். வாட்ச்மேன் அவளுக்காகக் கதவை ஓராள் அகலம் திறந்து பிடித்திருந்தான். சென்னியப்பன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். முன்னால் ரோடு காலியாகக் கிடந்தது. காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கியரைத் தள்ளினார், அங்கேயிருந்துதான் யாராவது வருவார்கள். வந்தார்கள். அடுத்த ஸ்டாப்புக்குள் இன்னொரு சைக்கிள், பால் கேன் கட்டினது, அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு. எல்லோருக்கும் பின்னால் போனார்.

சாவடிப்புதூர் கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது பதிமூன்று நிமிஷம் தாமதம். டைம்கீப்பர் மாசிலாமணி அறைக்குள் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிற மனுஷன், யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். டிரிப் ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.

"பதிமூணு நிமிஷமா? காரணம் எழுதோணுமே சென்னியப்பா. வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. முன்னால ஒரு சைக்கிள் போச்சு."

மாசிலாமணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சைக்கிள் போனா?"

"அது பொறகால வந்தேன்."

"அட, அப்பிடியெல்லாம் எழுத முடியுமா? கேப்பாங்கப்பா. டிராபிக்னு போடு, ஒருத்தனும் கேக்க மாட்டான். உன் கேஸ் இன்னும் கோர்ட்ல இருக்குது, ஞாபகம் இருக்கட்டும்." அவரே பேனாவை எடுத்தார். சென்னியப்பன் கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கியபோது விரல்கள் நடுங்கின. காலையிலிருந்து காத்திருந்தது இதற்குத்தானா என்று அதையே ஒரு கணம் பார்த்தார். நடுக்கம் மணிக்கட்டு வரைக்கும் வந்தது, எழுத்து கோணலாகத்தான் விழுந்தது, நிறுத்தாமல் எழுதினார். முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முந்த இடமில்லை. கையெழுத்துப் போட்டார். மாசிலாமணி அதை இரண்டு தரம் படித்துவிட்டு முத்திரையைத் தேடிக் குத்தினார்.

"ஒம்பது இருபதுக்கு அடுத்த சிங்கிள்" என்றார். "முடியலன்னா சொல்லிப்போடு, டெப்போவுக்குப் போன் பண்ணி ஸ்பேர் ஆளை அனுப்பச் சொல்றேன். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

வெளியே நாச்சிமுத்து டீ வாங்கிக்கொண்டு நின்றான். வண்டியில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், ஒரு கிழவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வெயில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே போறனுங்க" என்றார் சென்னியப்பன். "லேட்டாகும்."